வலிப்பும் குடலும்: கீட்டோன் உணவுமுறையின் நூறாண்டு வரலாறு

கீட்டோன் உணவுமுறை என்பது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு, மருத்துவரும் உணவியல் வல்லுநரும் கணக்கிட்டுக் கொடுக்கும் ஒரு சிகிச்சை உணவாகும். இதில் கொழுப்பு மிக அதிகம். சோறு, ரொட்டி, சர்க்கரை, பழம் போன்ற மாவுச்சத்துப் பொருள்கள் மிகக் குறைவு. புரதம் வளர்ச்சிக்குத் தேவையான அளவு மட்டுமே. உடல் எடையைக் குறைப்பதற்காக இன்று பலரும் பேசும் 'கீட்டோ டயட்' இதிலிருந்து கிளைத்ததுதான் என்றாலும், மூல உணவுமுறை எடைக்காகத் தோன்றியதல்ல. குழந்தைகளின் வலிப்புக்காகத் தோன்றியது.

வலிப்புக்குக் காரணம் குடல்தான் என்று 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஒருவர் சொன்னார். அவர் சொன்ன விளக்கம் தவறு என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் அவர் செய்த சிகிச்சையிலிருந்து பிறந்த உணவுமுறை நிலைத்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2018இல், அந்த உணவு எப்படி வேலை செய்கிறது என்று தேடியவர்கள் வேறு பாதையில் மறுபடியும் குடலுக்கே வந்து சேர்ந்தார்கள். ஒரு சிகிச்சை பலன் தருவது வேறு, அதற்குச் சொல்லப்படும் காரணம் சரியாக இருப்பது வேறு என்பதை மாணவர்கள் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

பட்டினி என்னும் பழைய மருந்து

வலிப்பு நோயைத் தெய்வக் குற்றம் என்றும் பேய் பிடித்தது என்றும் உலகின் பல பகுதிகளிலும் மக்கள் நம்பினர். கி.மு. 400ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஹிப்போகிரட்டிஸ் மரபைச் சேர்ந்த 'புனித நோய்' பற்றிய நூல் இதை மறுத்தது. இது மற்ற நோய்களைப் போன்ற ஒரு நோய், இதன் இருப்பிடம் மூளை என்று அந்நூல் வாதிட்டது. ஆட்டிறைச்சி கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது என்று பத்தியம் விதித்துப் பணம் பார்த்த மந்திரவாதிகளையும் அது கடுமையாகச் சாடியது. வேடிக்கை என்னவென்றால், அதே மரபின் வேறொரு நூலில் உணவையும் நீரையும் முற்றிலும் நிறுத்தியதால் ஒருவருக்கு வலிப்பு நின்றது என்ற குறிப்பும் இருக்கிறது.

நம் ஊர்களில் வகுப்பறையில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதை நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். இரும்பால் ஒரு பயனும் இல்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். நிற்கும்போது கையில் சாவி இருப்பதால் சாவிக்குப் பெயர் வந்துவிடுகிறது. பட்டினியையும் இப்படித்தான் மருத்துவர்கள் நெடுங்காலம் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1911இல் பாரிசில் கெல்பா, மரி என்ற இரு மருத்துவர்கள் வலிப்பு நோயாளிகளைப் பட்டினியிலும் குறைந்த உணவிலும் வைத்துச் சிகிச்சையளித்து அதன் விளைவை வெளியிட்டார்கள். உடலில் சேர்ந்த நஞ்சை நீக்குவது என்பதே அவர்கள் தந்த விளக்கம். மருத்துவ இதழில் முறையாகப் பதிவான முதல் முயற்சியாக இதையே வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பேட்டில் கிரீக் நகரமும் குடல் நஞ்சும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்றொரு சிறு நகரம். சோளச் செதில் உணவுக்குப் பெயர்போன கெலாக் குடும்பத்தின் ஊர் அது. ஜான் ஹார்வி கெலாக் நடத்திய பெரிய உடல்நல விடுதியும் அங்கேதான் இருந்தது. குடலில் தேங்கும் கழிவிலிருந்து நஞ்சு ஊறி இரத்தத்தில் கலந்து பல நோய்களை உண்டாக்குகிறது என்பது கெலாக்கின் உறுதியான நம்பிக்கை. 'தன்னஞ்சேற்றம்' என்று தமிழில் சொல்லத்தக்க இக்கொள்கை அப்போது அவருக்கு மட்டும் உரியதல்ல. 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிக்காஃப், பாரிசின் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ இதையே சொன்னார். பெருங்குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நஞ்சே முதுமையை விரைவுபடுத்துகிறது, புளித்த பால் அதைத் தடுக்கும் என்பது அவர் கருத்து. இன்று கடைகளில் விற்கும் 'நன்மை செய்யும் பாக்டீரியா' பானங்களுக்கு மூதாதை அந்தக் கருத்துதான்.

இதே ஊரில் ஹியூ காங்க்லின் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர் இருந்தார். உடற்பயிற்சிப் பத்திரிகை நடத்திப் புகழ்பெற்ற பெர்னார் மக்ஃபேடனிடமிருந்து பட்டினிச் சிகிச்சையைக் கற்றவர் அவர். வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு 18 முதல் 25 நாள்கள் வரை தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்காமல் வைத்திருந்தார். சிறுகுடலின் சுவரில் 'பேயர் திட்டுகள்' என்ற நிணநீர்த் திசுக்கள் இருக்கின்றன. அங்கே ஒரு நஞ்சு சுரந்து சேர்கிறது, அது அவ்வப்போது இரத்தத்தில் கலக்கும்போது மூளை தாக்கப்பட்டு வலிப்பு வருகிறது, குடலுக்கு ஓய்வு கொடுத்தால் நஞ்சு நின்றுவிடும் என்று காங்க்லின் விளக்கினார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 90 விழுக்காட்டினர் குணமடைந்ததாகவும் கூறினார். அந்த எண்ணை அப்படியே ஏற்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் பல குழந்தைகளுக்கு வலிப்பு குறைந்தது என்பதை மற்ற மருத்துவர்களும் கண்டார்கள்.

பேயர் திட்டுகள் நஞ்சு சுரப்பவை அல்ல. உணவோடு வரும் நுண்ணுயிர்களை அடையாளம் கண்டு உடலின் எதிர்ப்பாற்றலைப் பழக்கும் திசுக்கள் அவை. காங்க்லின் கொள்கை தவறுதான் என்றாலும், அவருடைய நோயாளிகள் பட்டினியோடு தப்பினார்கள். இதே குடல் நஞ்சுக் கொள்கையை நம்பி லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் அர்பத்நாட் லேன், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன், மறைந்த தொற்றே மனநோய்க்குக் காரணம் என்று சொல்லி நோயாளிகளின் பற்களையும் அடிநாக்குச் சதையையும் இறுதியில் குடலையும் நீக்கினார், பலர் இறந்தார்கள். குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பேசுவதற்கே பின்வந்த மருத்துவத் தலைமுறைகள் தயங்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

தந்தை ஒருவரின் ஐயாயிரம் டாலர்

நியூயார்க் வழக்கறிஞர் சார்லஸ் ஹௌலண்டின் மகனுக்கு வலிப்பு நோய். வேறு சிகிச்சைகள் பலனளிக்காத நிலையில் காங்க்லினின் பட்டினியால் அவனுக்குக் குணம் தெரிந்தது. சார்லசின் உடன்பிறந்தவர் ஜான் ஹௌலண்ட், பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மருத்துவப் பேராசிரியர். பட்டினி ஏன் வேலை செய்கிறது என்று அறிவியல் முறையில் கண்டுபிடிக்கச் சொல்லி சார்லஸ் 1919இல் அவரிடம் 5,000 டாலர் கொடுத்தார்.

அந்தப் பணத்தில் ஜேம்ஸ் கேம்பிள் முதலியோர் பட்டினி கிடந்த குழந்தைகளின் உடலில் நீரும் உப்புகளும் எப்படிக் குறைகின்றன என்று அளந்தார்கள். வலிப்பின் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் உடலின் நீர், உப்புச் சமநிலை பற்றிய நவீன அறிவுக்கு அந்த அளவீடுகள் அடித்தளமாயின. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு எந்த உப்பு நீரை எவ்வளவு ஏற்றுவது என்ற கணக்கின் வேர் இங்கேயும் இருக்கிறது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

1921இல் நியூயார்க் மருத்துவர் ராவ்ல் கெய்லின், அமெரிக்க மருத்துவச் சங்கக் கூட்டத்தில் பட்டினிச் சிகிச்சையின் பலனை எடுத்துரைத்தார். அதே ஆண்டில் மினசோட்டாவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்டார். எந்தக் குழந்தையும் காலமெல்லாம் பட்டினி கிடக்க முடியாது. சாப்பிடத் தொடங்கியதும் வலிப்பு திரும்புகிறது. பட்டினியின்போது உடலில் நடப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே நடக்கச் செய்ய முடியாதா?

மூளை வழக்கமாகக் குளுக்கோசை எரிபொருளாகக் கொள்கிறது. பட்டினியில் குளுக்கோஸ் குறைந்ததும் கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்கள் என்ற பொருள்களை உண்டாக்குகிறது; மூளை அவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால் வயிறு நிறைந்திருக்கும்போதே உடல் பட்டினி நிலைக்கு மாறிவிடும். இதற்கு வைல்டர் கீட்டோன் உணவு என்று பெயரிட்டார். அதே மருத்துவமனையின் மைனி பீட்டர்மன் 1920களின் நடுவில் இதற்கு அளவு வகுத்தார்: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் புரதம், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதம் முழுவதும் கொழுப்பு.

பின்னாளில் வழக்கத்துக்கு வந்த '4:1' என்ற கணக்கை மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி வீதம் 36. மற்றது கிராமுக்கு 4 கலோரி. ஆக மொத்தம் 40 கலோரியில் 36, அதாவது 90 விழுக்காடு, கொழுப்பிலிருந்து வருகிறது. வெண்ணெயும் பாலாடையும் முட்டையுமாக ஒரு குழந்தையை இரண்டு ஆண்டுகள் சாப்பிட வைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சமைக்கும் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு பிஸ்கட்டை மறைத்து வாயில் போட்டுக்கொண்டால் அன்றைய கணக்கே குலைந்துவிடும்.

மறதியும் மீட்சியும்

1938இல் பாஸ்டனில் மெரிட், பட்னம் இருவரும் பெனிடாயின் மருந்து வலிப்பைத் தடுப்பதை வெளியிட்டார்கள். மாத்திரையை விழுங்குவது வெண்ணெயை நிறுத்துக் கொடுப்பதைவிட எளிது. ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய மருந்துகள் வர, கீட்டோன் உணவு மெல்ல மறக்கப்பட்டது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்தே போதும், அது இன்றும் உண்மை. ஆனால் வலிப்பு நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்துகள் போதிய கட்டுப்பாட்டைத் தருவதில்லை. அந்தக் குழந்தைகளை இந்த மறதி பாதித்தது.

'ஏர்பிளேன்' என்ற நகைச்சுவைப் படத்தை இயக்கியவர்களில் ஒருவரான ஜிம் ஆப்ரஹாம்சின் மகன் சார்லிக்கு, 1993இல் ஒரு வயதில் வலிப்பு தொடங்கியது. மருந்து பல மாற்றியும் மூளை அறுவை செய்தும் நிற்கவில்லை. தந்தை தாமே நூலகத்துக்குச் சென்று படித்தபோதுதான் கீட்டோன் உணவைப் பற்றி அறிந்தார். ஜான்ஸ் ஹாப்கின்சில் மருத்துவர் ஜான் ஃப்ரீமனும் உணவியல் வல்லுநர் மில்லிசென்ட் கெல்லியும் அதைக் கைவிடாமல் நடத்தி வந்தார்கள். அங்கே உணவைத் தொடங்கிய சில நாள்களில் சார்லியின் வலிப்பு நின்றது. 1994இல் ஆப்ரஹாம்ஸ் தம்பதியர் மகன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினர். 1997இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்து, அவர் இயக்கத்தில் ஒரு தொலைக்காட்சிப் படமும் வந்தது. இந்த உணவைப் பற்றி மருத்துவர் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அந்தத் தந்தை எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்கு மருத்துவ உலகின் பதில், முறையான சான்று இல்லை என்பது. அதுவும் அப்போது பொய்யல்ல.

அந்தச் சான்று 2008இல் லண்டனிலிருந்து வந்தது. குறைந்தது இரண்டு மருந்துகளுக்குக் கட்டுப்படாத, 2 முதல் 16 வயதுள்ள 145 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே உணவுமுறை. மற்றதற்கு மூன்று மாதம் கழித்து. மூன்று மாத முடிவில் உணவுக் குழுவில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. காத்திருந்த குழுவில் 6 விழுக்காட்டினருக்கு மட்டுமே. காங்க்லின் சொன்ன 90 எங்கே, இந்த 38 எங்கே! ஆனாலும் இந்த 38 நம்பத்தக்க எண். நம் நாட்டிலும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 102 குழந்தைகளிடம், எடை போட்டு அளக்கத் தேவையில்லாத சற்றே தளர்ந்த வடிவத்தைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேல் குறைந்தவர்கள் உணவுக் குழுவில் 52 விழுக்காடு, மற்றதில் 11.5 விழுக்காடு.

மீண்டும் குடல்

பலன் உறுதியாயிற்று. காரணம்? இரத்தத்தில் கீட்டோன் அளவு உயர்ந்தாலும் சில குழந்தைகளுக்குப் பலன் இல்லை. ஆகவே கீட்டோன் மட்டுமே விடையாக முடியாது என்ற ஐயம் இருந்துகொண்டே வந்தது.

இதற்கிடையில் வேறொரு துறை வளர்ந்தது. பிறந்தது முதல் எந்தக் கிருமியும் அண்டாத கூண்டில் வளர்க்கப்படும் எலிகளை ஆய்வகங்களில் உருவாக்கியிருந்தார்கள். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நோபுயுகி சுடோ குழுவினர், இத்தகைய எலிகள் நெருக்கடியின்போது மற்ற எலிகளைவிட மிகுதியாக அழுத்த ஹார்மோன்களைச் சுரப்பதை 2004இல் காட்டினர். இளமையிலேயே குடல் பாக்டீரியாக்களைப் புகுத்தினால் இது சீரானது; வளர்ந்தபின் புகுத்தினால் சீராகவில்லை. குடல் நுண்ணுயிர்கள் மூளையின் வளர்ச்சியில் பங்கு கொள்கின்றன என்ற எண்ணம் கெலாக் காலத்துப் பரபரப்பு இல்லாமல், அளந்து பார்க்கத்தக்க ஒன்றாக மறுபிறவி எடுத்தது.

2018இல் லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலெய்ன் சியாவோவின் குழு இந்த இரண்டு வரலாறுகளையும் ஒன்றாகக் கட்டியது. கீட்டோன் உணவு கொடுத்த எலிகளுக்கு வலிப்பைத் தூண்டுவது கடினமாயிற்று. ஆனால் கிருமியற்ற எலிகளுக்கும், ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்த எலிகளுக்கும் அதே உணவைக் கொடுத்தபோது அந்தப் பாதுகாப்பு இல்லை. கீட்டோன் உணவால் பெருகும் அக்கர்மான்சியா, பாராபாக்டீராய்ட்ஸ் என்ற இரு பாக்டீரியாக்களையும் சேர்த்துக் குடலில் புகுத்தியதும் பாதுகாப்பு திரும்பியது. ஒன்றை மட்டும் புகுத்தினால் போதவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், சாதாரண உணவு உண்ட எலிகளுக்கும்கூடப் பாதுகாப்பு கிடைத்தது.

அக்கர்மான்சியா 2004இல்தான் நெதர்லாந்தில் விவரிக்கப்பட்டது. அந்நாட்டு நுண்ணுயிரியலாளர் அக்கர்மான்சின் பெயரைத் தாங்கியது. குடல் சுவரின் கோழைப் படலத்தை உண்டு வாழ்வது. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் குறைந்த உணவில் மற்ற பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும்போது, இதற்கு மட்டும் உடலே சோறு போடுகிறது! இந்த இரண்டும் சேர்ந்திருக்கையில் குடலிலும் இரத்தத்திலும் காமா-குளூட்டமைல் அமினோ அமிலங்கள் என்ற பொருள்கள் குறைந்தன. மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் குளூட்டமேட்டோடு ஒப்பிடக் காபா என்ற வேதிப்பொருளின் விகிதம் உயர்ந்தது. நரம்புச் செல்களின் கிளர்ச்சியைக் குளூட்டமேட் கூட்டும், காபா அடக்கும். கட்டுமீறிய கிளர்ச்சியே வலிப்பு.

எலியில் கண்டது குழந்தையிலும் உண்மையா? சுவீடனில் உணவுமுறை மேற்கொண்ட 12 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டபோது, பொதுவாக நல்லவை எனப்படும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். எனவே 'நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா' என்று விளம்பரங்கள் போடும் பட்டியல் இங்கே உதவாது. சியாவோ குழுவினர் 2023இல் இன்னொரு படி சென்றார்கள். 10 குழந்தைகளின் மலத்தை உணவுமுறைக்கு முன்பும், தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தும் எடுத்து, கிருமியற்ற எலிகளின் குடலில் சேர்த்தார்கள். பின்னதைப் பெற்ற எலிகளுக்கு வலிப்பைத் தூண்டுவது கடினமாக இருந்தது. பத்துக் குழந்தைகள் என்பது சிறிய எண். ஆனாலும் குழந்தையின் குடலில் ஏற்பட்ட மாற்றம் இன்னோர் உயிரில் பாதுகாப்பாக வெளிப்பட்டது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

ஆட்டிசம்: எச்சரிக்கை தேவைப்படும் இடம்

குடலையும் குழந்தைகளின் மூளையையும் இணைத்துப் பேசுவோர் உடனே ஆட்டிசத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு முதலியோர் வெறும் 12 குழந்தைகளை வைத்து, குடல் அழற்சியையும் ஆட்டிசத்தையும் தட்டம்மைத் தடுப்பூசியையும் முடிச்சுப் போட்டு லான்செட் இதழில் எழுதினர். அக்கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் பெற்றோர் தடுப்பூசிக்கு அஞ்சிக் குழந்தைகளைத் தட்டம்மைக்குப் பலியாக விட்டிருந்தார்கள்.

2017இல் அரிசோனாவில் 18 குழந்தைகளுக்கு நலமுள்ளோரின் குடல் நுண்ணுயிர்களை மாற்றியளித்துப் பார்த்ததில் வயிற்றுத் தொல்லைகளும் நடத்தைச் சிக்கல்களும் குறைந்ததாகத் தெரிவித்தனர். ஆனால் ஒப்பீட்டுக்குப் போலி மருந்துக் குழு இல்லை. ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வோ, ஆட்டிசத்துக்கும் குடல் பாக்டீரியாக்களுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு என்றது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் சில உணவுகளை மட்டுமே விரும்பி உண்கிறார்கள். அந்தக் குறுகிய உணவால்தான் அவர்கள் குடலின் பாக்டீரியா வகைகளும் குறைகின்றன என்று அது காட்டியது. எது காரணம், எது விளைவு என்பதைத் தலைகீழாகப் படித்துவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. 'குடலைச் சுத்தம் செய்தால் ஆட்டிசம் போய்விடும்' என்று பணம் பறிப்பவர்களிடம் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

இன்றைய நிலை

வலிப்பிலும் பாக்டீரியா முழு விடையல்ல. குளுக்கோசை மூளைக்குள் கொண்டுசெல்லும் புரதம் பிறவியிலேயே குறைவாக உள்ள 'குளூட் 1' குறைபாட்டில், மூளைக்கு மாற்று எரிபொருளாகக் கீட்டோனே நேரடியாக உதவுகிறது. அங்கே கீட்டோன் உணவுதான் முதல் சிகிச்சை. மறுபுறம், கொழுப்பை எரிக்கும் நொதிகளில் பிறவிக் குறையுள்ள குழந்தைக்கு இதே உணவு உயிரைப் பறித்துவிடும். அதனால்தான் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனைகள் செய்கிறார்கள். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், வளர்ச்சிக் குறைவு ஆகிய பக்கவிளைவுகளும் உண்டு. யூடியூப் பார்த்து வீட்டில் தொடங்கத்தக்க உணவு அல்ல இது. எடுத்துக்கொண்டிருக்கும் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து.

உணவுக்குப் பதிலாக அந்த இரண்டு பாக்டீரியாக்களையே மருந்தாக்கிக் கொடுக்க முடியுமா என்ற முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தால் வெண்ணெயும் பாலாடையும் வேண்டாம், பள்ளி டிபன் பாக்சில் மற்ற பிள்ளைகளைப் போலவே இட்லி கொண்டு போகலாம். அதுவரை, மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளின் வீடுகளில், மேயோவில் பீட்டர்மன் வகுத்த கணக்கை ஒட்டி, ஒவ்வொரு வேளையும் சமையல்மேடைத் தராசில் கிராம் கிராமாக உணவு நிறுக்கப்படுகிறது.